பிடுங்கிய குழை

நோபேட் முப்பது வருசமாக லொறி ஓட்டுகிறவர். பதுளை வீதியை விட்டு உள்ளே இறங்கி, வயல்வட்டைகளுக்கு நடுவே போகும், சரளைக்கல் கொட்டிய கிறவல் பாதையில் மாரிக்கு மாரி ஓடியிருக்கிறார். அந்தப் பாதையின் குழிகளெல்லாம் தன் பெஞ்சாதியின் குணம்போலத் தனக்கு அத்துப்படி என்று கூட்டாளிகளிடம் சொல்வார். திரேசம்மாவுக்கு முன்னால் மட்டும் சொல்லமாட்டார்.

அந்தப் பாதையில் ஓடுகிற சாரதிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எச்சரிக்கைப் பலகை வருவதற்குள் மாரியே முடிந்துவிடும் என்பதால் அவர்களாகவே வைத்துக்கொண்ட வழக்கம் அது. பாதையில் மண் அரித்துப்போன இடத்தை முதலில் காண்கிறவன் ஒரு பூவரசங் குழையை இலைக்கொப்போடு வெட்டி அந்த ஓரத்தில் நடவேண்டும். பின்னால் வருகிறவர்கள் குழையைக் கண்டால் விலகுவார்கள், குழை இல்லையென்றால் நம்பி வருவார்கள். நட்டவன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. பாதை திருத்தும்வரை அதைப் பிடுங்கவும் கூடாது.

அன்றைக்கு மார்கழி மழை மூன்றாம் நாளாகப் பெய்துகொண்டிருந்தது. மாவும் அரிசியும் ஏற்றிக்கொண்டு உள்ளூர்க் கடைகளுக்குப் போன நோபேட், பாதைக்கு அடியில் தண்ணீர் ஓடும் சின்ன மதகின் வடக்கோரம் ஒரு ஆள் ஆழத்துக்கு அரித்துப்போய்க் கிடப்பதைக் கண்டார். இறங்கினார், கத்தி எடுத்துப் போய், முன்னால் தள்ளி நின்ற பூவரசில் குழை வெட்டிவந்து நட்டார். பின்னால் வந்த விஜிதரனின் லொறியும், உதயரூபனின் உழவு இயந்திரமும் குழையைப் பார்த்துத் தெற்கே ஒதுங்கிப் போயின. போகிற போக்கில் இரண்டு பேரும் அவருக்குக் கை காட்டினார்கள்.

சாமான்களை இறக்கிவிட்டுப் பத்து மணிபோல வெறும் லொறியோடு திரும்பினார். மதகைத் தாண்டிப் பத்து யார்கூட வரவில்லை, பின்சில்லு சேற்றில் புதைந்துவிட்டது. கல்லைப் போட்டுப் பார்த்தார், சாக்கைப் போட்டுப் பார்த்தார். லொறி அசையவில்லை. பூவரசு மரமோ வந்த வழியில் அரை மைலுக்கு அப்பால் நின்றது. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது அந்தக் குழை ஒன்றுதான். ஆபத்துக்குப் பாவமில்லை என்று அதைப் பிடுங்கிச் சில்லுக்குக் கீழே கொடுத்தார். லொறி உறுமிக்கொண்டு மேலே ஏறியது. குழை நசிந்து சேறோடு சேறாகிப் போனது.

உடனே நிறுத்தினால் திரும்பவும் புதையும். அதனால் கெட்டியான நிலம்வரை ஓட்டிப்போய்த்தான் நிறுத்தினார். கண்ணாடியில் பின்னால் பார்த்தார். இனித் திரும்பி நடக்கவேண்டும், குழை வெட்டவேண்டும், கொண்டுவந்து நடவேண்டும். மழை கொட்டியது, காலையிலிருந்து வயிற்றில் ஒன்றும் இல்லை. சோம்பல் ஒருநாளும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை, நியாயம் பேசிக்கொண்டுதான் வரும். தண்ணீர் கணுக்கால் அளவுதானே, பள்ளம் பளிச்சென்று தெரிகிறதே, கண் உள்ளவன் விலகிப் போவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கியரைப் போட்டார்.

செங்கலடிச் சந்தியில் கந்தப்போடியின் தேத்தண்ணிக் கடை. நோபேட் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தபோது கந்தப்போடி கதையைத் தொடங்கினார்.

"குளத்து வான்கதவு முழுக்கத் திறந்தாச்சாம். உள்வட்டையெல்லாம் இப்ப வெள்ளக்காடு. நல்லவேளை, நீ வெளிய வந்திட்டாய். விஜிதரன்தான் இன்னும் உள்ளுக்க கிடக்கான். சனத்தை ஏத்திக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வாறானாம்."

"எப்ப வாறானாம்?"

"கொஞ்சத்துக்கு முன்னம் போன்ல கதைச்சவன். மறுகா லைன் இல்ல. என்னத்துக்கு இப்படி முழிக்காய்?"

நோபேட் மிச்ச ரொட்டியைத் தட்டில் வைத்தார். கணுக்கால் அளவு தண்ணீரில் தெரிந்த பள்ளம் வெள்ளத்துக்குக் கீழே எப்படித் தெரியும்? விஜிதரன் குழையைத் தேடுவான். குழை இல்லை என்று கண்டால் மதகு இன்னும் வரவில்லை என்றுதான் நினைப்பான். வழக்கம்போல இடப்பக்கம் பிடித்து வருவான். அந்த இடப்பக்கம்தான் வடக்கோரம். போன் எடுத்து அடித்தார், போகவில்லை. திரும்பவும் அடித்தார். பிறகு கடைவேலியில் ஊன்றியிருந்த கதியால் கம்பு ஒன்றைப் பிடுங்கி லொறியில் எறிந்துவிட்டு ஏறினார்.

"பைத்தியமா உனக்கு? உள்ளுக்க போக ஏலாது!" என்று கந்தப்போடி கத்தினார்.

உள்பாதைக்குத் திரும்பியபோது இரண்டு பக்கத்து வயலும் பாதையும் ஒன்றாகிக் கிடந்தன. முதல் கியரில் ஊர்ந்தார். ஊருக்குள் போகவும் வரவும் அது ஒன்றுதான் வழி. எதிரே ஒரு வாகனமும் வரவில்லை. அப்படியென்றால் இன்னும் ஒருவரும் மதகடிக்கு வந்து சேரவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டார். "யேசுவே, நான் போய்ச் சேருமட்டும் ஒருத்தரும் வரப்படாது" என்று வாய்விட்டு மன்றாடினார்.

கெட்டியான நிலத்தில் லொறியை ஓரங்கட்டிவிட்டுக் கதியாலோடு தண்ணீரில் இறங்கினார். தொடையளவு வெள்ளம் இழுத்தது. மதகு எங்கே, ஓரம் எங்கே என்று தெரியவில்லை. காலால் தடவித் தடவிப் போய், கிறவல் முடிகிற இடத்தைப் பிடித்தார். கதியாலை ஊன்றினார், வெள்ளம் பிடுங்கிக்கொண்டு போனது. நீந்திப் பிடித்து இன்னொரு முறை ஊன்றினார். இந்த முறை அது வாவிப்பக்கமாகப் போயே போய்விட்டது.

இனி நட ஒன்றும் இல்லை. நோபேட் தானே அந்த ஓரத்தில் நின்றார். நிலைதடுமாறி ஒரு கால் பள்ளத்துக்குள் இறங்கியபோது கெட்டியாக, வளைவாக என்னவோ தட்டுப்பட்டது. மதகுக் குழாய் கழன்று கிடக்கிறது என்று நினைத்து அதன்மேல் காலை முண்டுகொடுத்துக்கொண்டார். அது வசதியாகத்தான் இருந்தது.

அரை மணித்தியாலம் கழித்து விஜிதரனின் லொறி தெரிந்தது. நோபேட் போட்டிருந்த சேட்டைக் கழற்றி வீசிக்காட்டினார். "தெற்கால பிடி! தெற்கால!" என்று தொண்டை கிழியக் கத்தினார். லொறி நின்றது, யோசித்தது, பிறகு தெற்கே ஒதுங்கி அங்குலம் அங்குலமாக அவரைக் கடந்தது. மேலே பெண்களும் பிள்ளைகளும் பொட்டலங்களுமாக ஒரு முப்பது பேர் இருப்பார்கள். அந்த முப்பது முகங்களையும் பார்த்து நோபேட் அழுதுவிட்டார்.

கெட்டியான நிலத்தில் நிறுத்திவிட்டு விஜிதரன் ஓடிவந்தான்.

"அண்ணே, நீங்க நிக்காட்டி நாங்க எல்லாரும் போயிருப்பம். குழையை வெள்ளம் கொண்டுபோயிட்டு போல."

நோபேட் ஓம் என்று தலையை ஆட்டினார்.

"உதயரூபன் செங்கலடிக்கு வந்து சேர்ந்திட்டானா? எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம் உழவு மெசினோட வெளிக்கிட்டவன்."

"இல்ல. எதிர ஒருத்தரும் வரல்லையே" என்றார் நோபேட். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே கேட்டது. கால் இன்னும் அந்த வளைவின் மேல்தான் இருந்தது. மெல்ல உள்ளங்காலால் தடவினார். அது குழாய் இல்லை. பள்ளமும் மேடுமாக வரி ஓடிய றப்பர்.

"தம்பி, கயிறு எடு" என்றார்.

கயிற்றை லொறியில் கட்டி விஜிதரனும் இன்னும் இரண்டு பேரும் முங்கினார்கள். ஓரம் எது என்று காட்ட நோபேட் அதே இடத்தில் நின்றார். உதயரூபனைத் தூக்கிக்கொண்டு வந்தபோது மூன்று மணி. அவனுக்கு வயது இருபத்தொன்பது. அவனைத் தண்ணீர் ஏறாத மேட்டுக் கிறவலில் கிடத்தி, ஒரு பெண் தன் சேலைத்தலைப்பைக் கிழித்து முகத்தை மூடினாள்.

"வெள்ளம் செய்த வேலை. மனுசரால என்ன செய்ய ஏலும்?" என்றார் ஒருவர். எல்லோரும் அதற்கு ஓம் என்றார்கள். அந்த ஓமுக்குள் நோபேட்டுக்கும் இடம் இருந்தது. சும்மா நின்றால் போதும், சாகும்வரை ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

விஜிதரன் ஊர்ப்பக்கமாகத் திரும்பி நடந்துபோய்ப் பூவரசங் குழை ஒன்று வெட்டிக்கொண்டு வந்தான். "நீங்க நட்ட இடத்தில நீங்களே நடுங்க அண்ணே. பழசைத்தான் வெள்ளம் கொண்டுபோயிட்டே."

"வெள்ளம் கொண்டுபோகல்ல" என்றார் நோபேட். "சில்லு புதைஞ்சிது. நான்தான் பிடுங்கினன். திரும்ப நடாமப் போனதும் நான்தான்."

விஜிதரன் அவரைப் பார்த்தான், கிறவலில் கிடந்தவனைப் பார்த்தான். நோபேட் குழைக்காகக் கையை நீட்டினார்.

விஜிதரன் கொடுக்கவில்லை. அவரைச் சுற்றி விலகிப் போய், தானே தண்ணீரில் இறங்கி நட்டான்.