ஆட்சேபணை இல்லை என்று பதிவான அக்கா

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது; முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா மனநல மருத்துவர். முன்பின் தெரியாதவர்கள் சொல்வதையெல்லாம் நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்கிறாள். நான் போன் செய்தாலும் அதே காதைத்தான் கொடுக்கிறாள். எனக்கு வேண்டியது அவள் வாய்.

சின்ன வயதில் அது என்ன வாய்! எந்தச் சட்டை போடுவது, யாரோடு காய் விடுவது, எல்லாம் அவள் உத்தரவுதான். இந்தப் படிப்புக்குப் போய் இருபத்திரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து எதைக் கேட்டாலும், "உனக்கு என்ன தோணுது?" என்கிறாள். தோன்றினால் நான் ஏன் கேட்கப் போகிறேன்?

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில் வெயில்...' வேண்டாம். வெயிலில் போதுமான கதைகளைத் தொடங்கியாயிற்று.

இரண்டாம் முயற்சி: போன மாத நிர்வாகக் கூட்டம். பிரசவத்துக்குப் பின் மனம் கலங்கிய தாய்மார்களைக் குழந்தையோடு சேர்த்தே வைத்துப் பார்க்கும் வார்டு ஒன்று அக்காவின் பொறுப்பில் இருக்கிறது. எட்டே கட்டில். அதை எலும்பு முறிவுப் பிரிவுக்குக் கொடுத்துவிடலாமா என்று நிர்வாக அதிகாரி கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. எதிராளி பேசி முடித்த பிறகும் சற்று மௌனமாக இருந்தால்தான் மனதில் இருப்பது வெளியே வரும் என்பது அவள் தொழில் பழக்கம். கனிவாகத் தலையசைத்துக் காத்திருந்தாள். வெளியே வந்தது கூட்டக் குறிப்பு: 'பிரிவுத் தலைவருக்கு ஆட்சேபணை இல்லை.'

(இந்த இடத்தில் கோபத்தில் அவளை 'மண்ணாந்தை' என்று எழுதி, பிறகு அடித்தேன். அடித்ததும் தெரியட்டும்.)

3

மேலிடம் அவளைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே பன்னிரண்டு மனநல மருத்துவர்கள். ஐந்து நிமிடத்தில் உங்களுக்குள் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுங்கள் என்றாராம் பயிற்சியாளர். பன்னிரண்டு பேரும் சாய்ந்து உட்கார்ந்து அவரையே கவனித்தார்களாம். நான்காவது நிமிடத்தில் ஒருவர், இதை இவ்வளவு அவசரமாக முடிக்க வேண்டுமென்று உங்களுக்கு ஏன் படுகிறது என்று கேட்டார். மத்தியானத்துக்குள் பயிற்சியாளர் தன் விவாகரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். (விவாகரத்து என் கைச்சரக்கு. மீதி அக்கா சொன்னது.)

கடைசி நாள் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள். யாரிடமாவது கேள்விக்குறி இல்லாமல் ஒரு உத்தரவு போட வேண்டும். என்னிடம்தான் போடுவாள் என்று மூன்று நாள் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஏங்கினேன் என்றே எழுதலாம், இதில் வெட்கமென்ன.

4

வரும் வியாழக்கிழமை மறு ஆய்வுக் கூட்டம். அதிலும் வாயைத் திறக்காவிட்டால் வார்டு போய்விடும். தாய் ஆஸ்பத்திரியில், குழந்தை வேறெங்கோ. அவசரக்குடுக்கை நான், கூட்டத்துக்கு முன்பே முடிவை எழுதிவிட்டேன். ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில் அக்கா மேசையைத் தட்டி எழுந்து... அது அவளே இல்லை. மற்றதில் சன்னக் குரலில், இந்த வார்டைத் தர மாட்டேன் என்கிறாள். எழுதிய பக்கத்தைப் படமெடுத்து அவளுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டாள். சரிதான், எனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பக்கத்தக் கிழிச்சுப் போடு," என்றாள். "படிச்சதும் நானே பேசி முடிச்சுட்ட மாதிரி நிம்மதியா இருந்துச்சு. அந்த நிம்மதியோட போனா வியாழக்கிழமை பேசவே மாட்டேன்."

"இல்லக்கா, நல்லாத்தானே வந்திருக்கு..."

"எழுதாதன்னா எழுதாத."

வைத்துவிட்டாள். நான் சமையலறையில் நின்று அழுதேன். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று அணைந்த போனைப் பார்த்துக் கேட்டேன்.

5

கிழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. அதிகாரி கோப்பைத் திறந்து அக்காவைப் பார்க்கிறார். அக்கா

இதற்குமேல் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அக்கா எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.