கைப்பிடி திரும்பும் இடம்

மில்லிங் மெஷினின் முன்பக்கக் கைப்பிடி யாரும் தொடாமல் முதல்முறை சுற்றியபோது அண்ணி அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை. மோட்டாரை பெல்ட் போட்டு டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூவோடு இணைத்திருந்தேன். பட்டறை வைத்திருக்கும் நண்பன் ஜெரோம் ஃப்ளாப்பியில் கொடுத்த புரோகிராமைப் பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, டேபிள் முன்னே வந்து பின்னே போகும்படி சில வரிகள் எழுதியிருந்தேன். டேபிள் வந்தது. திரும்பும் இடத்தில் நின்றது. கைப்பிடி எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று போய், தயங்கி, பிறகு சீராகச் சுற்றத் தொடங்கியது. ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கிற ஆட்டத்தை எடுப்பதற்காக நானே எழுதிச் சேர்த்த அசைவு அது. அப்போது க்ளக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். வந்தது.

"ஏனுங்க, தோசை ஆறுதுங்க" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து.

என்னை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அந்த வீட்டுக்குள் 'ஏனுங்க' அவள் புருஷன் மயில்சாமி அண்ணனுக்கு மட்டும். அண்ணன் மஞ்சள் காமாலையில் போய் இந்த ஆடியோடு ஒரு வருஷம். என் கை சுவிட்சுக்குப் போனது, ஆனால் அமுக்கவில்லை. நிறுத்தினால் அவள் சொன்னதை நான் கேட்டுவிட்டேன் என்று ஆகும். நிறுத்தாவிட்டால் டேபிள் இன்னும் பல தடவை திரும்பும், ஒவ்வொரு தடவையும் அந்தச் சத்தம் வரும். எது சரி என்று முடிவு செய்வதற்குள் அண்ணி தோசைக் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். கைப்பிடியைப் பார்த்தாள். கருப்புப் பூச்சு தேய்ந்து உள்ளங்கை பட்ட இடம் மட்டும் வெள்ளையாக மின்னிக்கொண்டு சுற்றியது.

"அது எதுக்கு தம்பி பின்னுக்குப் போயிட்டு வருது?"

"ஆட்டத்த எடுக்கறதுக்குங்க அண்ணி."

"அவரும் அப்படித்தான் எடுப்பாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தோசை கருகிய வாசனை வந்தது.

வேலை முடிந்து போகும் மாலை வகுப்பில் சொல்லிக் கொடுத்ததைத்தான் எழுதினேன் என்று நம்புகிறேன். ஆனால் கால் சுற்று என்று வகுப்பில் யாரும் சொல்லவில்லை. டயல் வைத்து அளந்தபோது ஆட்டம் அதில் பாதிகூட இல்லை. நான் ஏன் கால் சுற்று எழுதினேன் என்பதற்குக் குறிப்பேட்டில் காரணம் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் எழுதி வைக்கிறவன் நான்.

மெஷினை மோட்டாரில் ஓடும்படி மாற்றியதற்குக் காரணம் உண்டு. பல்லடத்தில் தறி ஓட்டும் ஐயாசாமி, அண்ணியின் அண்ணன், அவளைக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே போனால் அவர் வீட்டில் ஒரு மூலை, நாள் முழுக்கத் தறி. அண்ணிக்கு இந்த ஆவாரம்பாளையத்தை விட்டுப் போக மனசில்லை. "மெஷினே ஓடுச்சுன்னா மாட்டி எடுக்கற வேலைய நான் பாத்துக்குவேன். நீங்க வேலைக்கும் கிளாசுக்கும் போங்க. எனக்கு இங்கயே பொழப்பு இருக்கும்" என்றாள். பம்ப் கம்பெனி ஸ்ரீனிவாஸ் சாரிடம் கேட்டதில் ஒரு வட்டத் தட்டைக் கொடுத்தார். அதன் மேல் வட்டமாக ஒரு காடி, பள்ளமான கோடு, வெட்ட வேண்டும். ஒரே பிடிப்பில், ஆரம்பமும் முடிவும் கூடும் இடம் தெரியாமல். சரியாக வந்தால் மாதாமாதம் வேலை. சிக்கல் என்னவென்றால், பக்கவாட்டில் டேபிளுக்கு வேண்டிய ஓட்டம் இருந்தது, முன்னும் பின்னுமாக அது நூற்றறுபது மில்லிதான் ஓடும். காடிக்கு நூற்றுத் தொண்ணூறு வேண்டும்.

ஓட்டத்தை நீட்ட ஒரு வழி இருந்தது. முன்பக்கம் ஸ்க்ரூவைத் தாங்கும் தகட்டைக் கழற்றி, நடுவே நாற்பது மில்லிக்கு ஒரு கட்டையைக் கொடுத்து மறுபடி பூட்டுவது. ஜெரோம் தன் பட்டறையில் நீளமான ஸ்க்ரூ கடைந்து தந்தான். டேபிள் இனி நாற்பது மில்லி அதிகமாக முன்னே வரும். முன்னே என்றால், அண்ணன் நின்று வேலை செய்த இடத்தை நோக்கி. சிமெண்டுத் தரையில் அவர் கால் வைத்த இடம் இரண்டு லேசான பள்ளமாகவே இருக்கிறது. நான் அந்தப் பக்கம் நிற்காமல் பக்கவாட்டில் நின்றே எல்லாவற்றையும் பூட்டினேன். வேண்டுமென்று செய்ததா என்று தெரியவில்லை.

முதல் சோதனையில் காடியின் இரண்டு முனையும் கூடவில்லை. டேபிள் பழைய எல்லை வரை வந்து, புது இடத்தில் காலை வைத்ததும் இறுகியது. மோட்டார் உறுமியது, கைப்பிடி நடுங்கி நின்றது. கம்ப்யூட்டர் மட்டும் டேபிள் போய்விட்டதாக நினைத்துக்கொண்டு மேலே எண்ணியது. டேபிளைப் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்கும் ஜிப் பட்டையைத் தளர்த்தினால் முன்பக்கம் ஓடியது, நடுவில் டேபிள் ஆடியது. இறுக்கினால் நடுவில் சரி, முன்பக்கம் செத்தது. ஜெரோம் டேபிளைத் தூக்கிவிட்டு, அடியில் அது சறுக்கி ஓடும் தண்டவாளத்தில் விரலை ஓட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"பேயும் இல்ல, புரோகிராமும் தப்பில்ல. உங்கண்ணன் இந்த ஓரத்துக்கு வந்ததே இல்லடா. மெஷின் ஓட்டின ஏழு வருஷமும் நடுவுலயே குடும்பம் நடத்தியிருக்காரு." அண்ணி டீ டம்ளரோடு நிற்பதை அப்போதுதான் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லட்டும் விடுங்க" என்றாள் அண்ணி. "நெசந்தான? சித்தெ அக்கட்டால போலாம்னு கூப்பிட்டா வருவாரா? வால்பாறைக்கு ஒருதடவை போலாம்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு."

தேய்ந்துபோன நடுவை நிரப்ப முடியாது. தேயாமல் மேடாக நிற்கும் ஓரத்தை இறக்கத்தான் முடியும். நீல மையைப் பூசி, டேபிளை வைத்து ஓட்டிப் பார்த்து, மை படிந்த மேட்டை மட்டும் ஸ்க்ரேப்பரால் சுரண்டி, மறுபடி பூசினேன். அண்ணன் ஏழு வருஷத்தில் தேய்த்த அளவுக்கு, அவர் வராத இடத்தையும் நான் தேய்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும்போது கை தன்னால் ஒரு தாளத்துக்கு வந்திருந்தது. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். இது யாருடைய தாளம் என்று ஒரு கேள்வி வந்தது. அன்றைக்கு அதற்கு மேல் சுரண்டவில்லை.

இன்னொரு தொந்தரவும் இருந்தது. கட்டை கொடுத்ததில் கைப்பிடி முன்னே தள்ளி, அடுப்படிக்கும் வாசலுக்கும் நடுவிலுள்ள வழியில் நீட்டிக்கொண்டு நின்றது. மோட்டார் இருக்கும்போது கைப்பிடி தேவையில்லை, கழற்றிவிடு என்று ஜெரோம் சொன்னான். நான் ஸ்பேனரை எடுத்த இரண்டு தடவையும் அண்ணி "இருக்கட்டும் தம்பி" என்றாள்.

ஐயாசாமி வந்த அன்று காலை, முதலில் கெட்டதற்குப் பதிலாக ஸ்ரீனிவாஸ் சார் கொடுத்த இரண்டாவது தட்டை மாட்டியிருந்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டார். அண்ணியின் துணிப்பை கதவோரம் இருந்தது. அவள்தான் வைத்தாளா, அவர் வைத்தாரா என்று கேட்கவில்லை. மெஷினை வெறுமனே ஓட்டிப் பார்த்தபோது அண்ணி தண்ணீர்ச் செம்போடு குறுக்கே வந்தாள். சேலை முந்தானை கைப்பிடியில் பட்டு, ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தது. நான் நிறுத்திவிட்டேன். செம்பு உருண்டு தண்ணீர் அண்ணனின் கால் பள்ளங்களில் நின்றது.

"சீலையப் புடிச்சு இழுக்குது. இதுகிட்ட உன்னைய உட்டுட்டுப் போகச் சொல்றியா அம்மணி?" என்றார் ஐயாசாமி.

அண்ணி முந்தானையை மெதுவாகப் பிரித்தெடுத்து இடுப்பில் செருகினாள். என்னிடம் கை நீட்டி ஸ்பேனரை வாங்கினாள். முன்னால் உள்ள நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கைப்பிடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மெஷின் ஸ்டாண்டின் மரச்சட்டத்தில் அண்ணன் சட்டை மாட்டும் ஆணியில் மாட்டினாள்.

"ஓட்டுங்க தம்பி."

கட்டர் தட்டில் இறங்கியது. முதல் கால்வட்டம் வந்தது. இரண்டாவது வந்தது. அலுமினியத் துகள் வெள்ளையாகக் கொட்டியது. டேபிள் பழைய எல்லையை நெருங்கும்போது மோட்டாரின் குரல் மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். மாறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"பல்லடம் பஸ்ஸு போயிரும் அம்மணி" என்றார் ஐயாசாமி.

"சித்தெ இருங்கண்ணா. அது திரும்பட்டும்."

எல்லையைத் தாண்டி டேபிள் வந்துகொண்டே இருந்தது, தண்ணீர் தேங்கிய அந்த இரண்டு பள்ளங்களை நோக்கி. அது வரை வராத ஓரத்துக்கு வந்து நின்றது. க்ளக். ஸ்டாண்ட் லேசாக அதிர்ந்தது. ஆணியில் தொங்கிய கைப்பிடி பின்னுக்குக் கொஞ்சம் போய், தயங்கி, முன்னுக்கு வந்தது.