நூற்றுக்கு ஐந்து

நிறுத்துப் பார்க்க முடியாத பொருள்கள் உலகில் சில உண்டு என்பர் பெரியோர். அக்காவின் கணவர் அப்படியொரு பொருளைத் தம் வாழ்நாளில் கண்டதில்லை. பெரிய நிறுவனம் ஒன்றின் தணிக்கைப் பிரிவில் அமர்ந்து, காலமெல்லாம் பிறர் செலவில் பிழை கண்டு ஓய்வு பெற்றவர் அவர். சுற்றத்தார் அவருக்கு இட்ட பெயர் தராசு. முகத்துக்கு நேரே அப்படி அழைத்தாலும் சினங்கொள்ளமாட்டார். அதை ஒரு பட்டமாகவே தோளில் சுமந்து திரிந்தார்.

அக்காவின் தம்பி பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுபவன். அவனுடைய வலக்கண்ணின் உள்ளே விழித்திரை கழன்றுகொண்டிருந்தது. மேலிருந்து கறுப்புத் துணியொன்று இறங்கி வருவதுபோல் இருக்கிறது என்றான். அந்தத் துணி கண்ணின் நடுவைத் தொடுமுன் அறுத்துச் சரிசெய்துவிட வேண்டும், அதுவரை தலை குலுங்கக் கூடாது என்றார் மருத்துவர். உள்ளூரில் அந்த அறுவைக்குக் காத்திருப்போர் வரிசை நீண்டு கிடந்தது. அயல்நாட்டு மருத்துவமனை ஒன்று உடனே நாள் கொடுத்தது. தம்பி வேனை விற்றான். ஒற்றைக் கண்ணனை நம்பி யாரும் பிள்ளைகளை ஏற்றி அனுப்பமாட்டார்கள். கண் பிழைத்தால் வாடகை வேனாவது ஓட்டிப் பிழைக்கலாம் என்பது அவன் கணக்கு.

விற்ற பணத்தை எவ்வழியில் கொண்டுபோவது என்று அக்காவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேச்சு நடந்தது.

"மாமா, ஆஸ்பத்திரியில பணத்தை முன்கூட்டியே பேங்க் வழியா அனுப்பிடச் சொல்றாங்க. அனுப்பிடலாமா?" என்றான் தம்பி.

"தாராளமா அனுப்பலாம் மாப்ள. இங்க ஒருத்தன் கமிஷன் பிடிப்பான், நடுவுல ஒருத்தன் பிடிப்பான், அங்க ஒருத்தன் பிடிப்பான். போய்ச் சேரும்போது உன் பணம் மொட்டை அடிச்சுக்கிட்டு நிக்கும்."

"அப்ப நோட்டா மாத்தி எடுத்துட்டுப் போயிடலாமா?"

"மாத்துறவன் பாதியச் சுரண்டுவான், மிச்சத்தைப் பிக்பாக்கெட் சுரண்டுவான். நான் என் பேர்ல ஒரு பயணக் கார்டு எடுக்கிறேன். உன் பணம் மொத்தமும் அதுல ஏறிடும். அங்க போய் ஒரே தேய்! அதையும் அந்த நாட்டுப் பணத்துலதான் தேய்க்கணும், அதுதான் சூட்சுமம். 'உங்க ஊர்ப் பணத்துலயே கட்டுறீங்களா'ன்னு மெஷின் இனிக்க இனிக்கக் கேக்கும். சரின்னு சொன்னா நூத்துக்கு அஞ்சு காலி. விவரம் தெரியாதவன் அங்கதான் விழுவான். போதாததுக்கு, தேய்ச்சா பரிசுப் புள்ளி வேற விழும், அதைக் குடுத்துப் பொருளே வாங்கலாம்."

"புள்ளி யாருக்குங்க விழும்?" என்று கேட்டாள் அக்கா.

"கார்டு யார் பேர்ல இருக்கோ அவருக்கு. இதுக்கெல்லாம் ஒரு கேள்வியா?"

தம்பி சிரித்தான். "விடுக்கா. மாமா இல்லன்னா எனக்கு இதெல்லாம் யார் செய்வா?"

அயல்நாட்டு விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்தபோதே தராசின் ஆட்சி தொடங்கிவிட்டது. வழிச்செலவுக்கென்று அவர் கொண்டுவந்த சிறிது ரொக்கமும் பெரிய நோட்டுகளாக இருந்தது. அயல்நாட்டுப் பணத்தைப் பெரிய நோட்டாக வாங்கினால் விலை சற்றே மலிவாம். பேருந்து ஓட்டுநர் அந்த நோட்டைத் தொடவே மறுத்துக் கார்டு தேய்க்கும் கருவியைக் காட்டினார். தராசு கையை இழுத்துக்கொண்டார்.

"ஒரு தடவை தேய்ச்சா இவ்வளவுன்னு தனியாப் பிடிப்பான். பஸ் டிக்கெட்டை விட அது அதிகம். இறங்குங்க, நடந்தே போயிடலாம்."

"ஏங்க, அவன் தலை குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே."

"மெதுவா நடந்தா எப்படிக் குலுங்கும்? கல்யாண ஊர்வலம் மாதிரி வரச் சொல்லு."

கல் பாவிய நடைபாதையில், நிறைகுடத்தைத் தலையில் ஏந்தியவன்போல் தம்பி நடந்தான். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அக்கா அவன் முழங்கையை அழுத்தி முன்னறிவித்தாள். கண்ணென்பது இறைவன் இந்த உடம்புக்குள் ஏற்றி வைத்த விளக்கு. காற்றில் விளக்கை எடுத்துச் செல்பவர்போல் இருவரும் சென்றார்கள். முன்னால் பெட்டியை உருட்டிக்கொண்டு போன தராசு, மிச்சம் பிடித்த தொகையைத் திரும்பித் திரும்பி அறிவித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை தம்பிக்கு மருந்து விட்டுக் கண்பாவையை விரித்து, பச்சை அங்கி அணிவித்து, அறுவை அரங்கின் முன்னறையில் படுக்க வைத்தார்கள். பணம் செலுத்திய சீட்டு வந்ததும் உள்ளே கொண்டுபோவோம் என்றாள் செவிலி. பணம் செலுத்தும் இடம் கூடத்தின் மறுகோடியில் இருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த காசாளர்ப் பெண் கார்டை வாங்கிக் கருவியில் செருகினாள். தராசு எண்களை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. கருவி சீட்டை நாவைப்போல் நீட்டியது.

அக்காவின் நெஞ்சிலிருந்து ஒரு பெருமூச்சு இறங்கியது. 'இறைவா' என்று அவள் வாய்க்குள் சொல்லி முடிப்பதற்குள் தராசு சீட்டை மூக்கருகே பிடித்துப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

"அடிப்பாவி! நம்ம ஊர்ப் பணத்துல போட்டுட்டா! என்னைக் கேக்காம இவளே அமுக்கிட்டா! நூத்துக்கு அஞ்சு!"

"இருக்கட்டும்ங்க. கட்டியாச்சில்ல? போனாப் போகுது."

"போனாப் போகுதா? யார் வீட்டுப் பணம்?"

"அவன் பணம்தானே. அவனைக் கேட்டா வேண்டாம்னா சொல்லப் போறான்?"

"அவனுக்கு அறிவு இருந்தா என்கிட்ட ஏன் குடுத்தான்? நீ வாயை மூடு." அவர் தடுப்பைத் தட்டினார். இதை ரத்து செய், இந்த நாட்டுப் பணத்தில் மீண்டும் போடு என்றார். காசாளர்ப் பெண் பொறுமையாக எடுத்துரைத்தாள்: ரத்து செய்யலாம், ஆனால் பிடித்து வைத்த தொகையை உங்கள் வங்கி விடுவிக்கச் சில நாள் பிடிக்கும், அதுவரை அந்தப் பணம் கார்டில் இருந்தும் இல்லாததுதான். தராசு நகைத்தார். நீ பிறப்பதற்கு முன்பே நான் தணிக்கையில் நரைத்தவன் என்னும் நகைப்பு அது. ரத்துச் சீட்டு வந்தது. கார்டு இரண்டாம் முறை உள்ளே போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்றாம் முறையும் சிவப்பே.

அவள் சொன்னது சொன்னபடியே நடந்துவிட்டது. தம்பியின் வேன், சக்கரம் நான்கும் கழன்றதுபோல் இரு வங்கிகளுக்கு நடுவில் எங்கோ நின்றுவிட்டது.

"பேங்க்ல பேசறேன். ஒரு கை பாக்கறேன்," என்று தராசு கைபேசியை எடுத்தார்.

"ஏங்க, உங்க சொந்தக் கார்டு இருக்கே. அதுல இப்பக் கட்டிடுங்க. அந்தப் பணம் வந்ததும் நீங்க எடுத்துக்கங்க. டாக்டர் காத்துக்கிட்டு இருக்காருங்க."

தராசு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அதுல வெளிநாட்டுச் செலவுக்கு நூத்துக்கு மூணரை பிடிப்பான், தெரியுமா? அதை யார் குடுப்பா? உன் தம்பியா? வேனே இல்லாதவனா? அது என் பணம். இது அவன் பணம். ரெண்டையும் கலந்தா கணக்கு நாறிடும்."

"கணக்கா பெரிசு? கண்ணுங்க!"

"கண்ணு எங்கயும் ஓடிடாது. பையைப் பாத்துக்க."

அவர் இரைச்சல் இல்லாத இடம் தேடித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து அவர் வங்கிக்காரனை அதட்டும் குரல் கேட்டது. இடையிடையே காத்திருப்போருக்கான இசை. செவிலி ஒருமுறை கதவைத் திறந்து அக்காவைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மணியையும் பார்த்தாள்.

அக்கா பையைத் திறந்தாள். மணவாழ்வு முழுவதிலும் கணவரின் பணப்பைக்குள் அவள் கை நுழைந்தது அதுவே முதல் முறை. அந்தச் சொந்தக் கார்டு உள்ளறையில் புத்தம் புதிதாக இருந்தது. தடுப்பினூடே நீட்டினாள். கருவி இரகசிய எண் கேட்டது.

தெரிந்தால்தானே? அவர் சட்டையின் கழுத்தளவு தெரியும், எந்த இருமலுக்கு எந்தக் கஷாயம் என்று தெரியும், உறக்கத்தில் எந்தப் பக்கம் புரள்வார் என்றும் தெரியும். இந்த நான்கு எண் தெரியாது. திருமண நாளை அழுத்தினாள். சிவப்பு. அவர் பிறந்த நாளை அழுத்தினாள். சிவப்பு. இன்னும் ஒரே வாய்ப்புதான் என்று காசாளர்ப் பெண் விரலை உயர்த்தினாள். அவர் தம் வாழ்வில் எந்த நாளைக் கொண்டாடுவார் என்று அக்கா கண்மூடி நினைத்தாள். பதவி உயர்வு வந்த நாள் நினைவுக்கு வந்தது. அதை அழுத்தினாள். கருவி நெடுங்குரல் ஒன்று எழுப்பி அடங்கியது. கார்டு முடங்கிவிட்டது.

திரும்பினால் பின்னால் தராசு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன நம்பர் போட்ட?"

அவள் முடங்கிய கார்டை நீட்டினாள்.

"கேக்கறேன்ல?"

"முதல்ல... நம்ம கல்யாண நாள்."

தராசு வாய்விட்டுச் சிரித்தார். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "செலவு ஆரம்பிச்ச நாளை எவனாவது ரகசிய நம்பரா வைப்பானா?"

அரங்கின் கதவு மறுபடி திறந்தது. வேறொரு நோயாளியின் படுக்கை தம்பியைக் கடந்து உள்ளே உருண்டு போனது.

மறுபடி நாள் கொடுத்தது அடுத்த வாரத்தில்தான். தம்பியை அங்கி களையச் சொன்னார்கள். கண்பாவை விரிந்திருந்ததால் வெளிச்சத்துக்குக் கூசி, கைகளால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தான்.

"என்ன ஆச்சு மாமா?"

அக்கா முந்திக்கொள்ள நினைத்தாள். தராசின் நா அவளைவிட விரைந்தது. "பேங்க்காரன் உன் பணத்தை முடக்கிட்டான் மாப்ள. சரி, போகட்டும், நம்ம பணத்தைப் போட்டுக் கட்டிடலாம்னு ஓடி வர்றேன். அதுக்குள்ள உங்க அக்கா என் கார்டை எடுத்துத் தப்புத் தப்பா அமுக்கி அதையும் முடக்கி வெச்சிருக்கா. அவசரக்குடுக்கை!"

"பொய்டா! கட்டமாட்டேன்னாருடா! ரசீது வந்ததைக்கூட இவருதான் நூத்துக்கு அஞ்சு போயிடுச்சுன்னு ரத்து பண்ண வெச்சாரு!"

அவனுடைய பணம் இன்னும் தராசின் பெயரில்தான் இருந்தது. ஊர் திரும்பும் பயணச் சீட்டும் தராசின் பையில்தான் இருந்தது. "எதுக்குக்கா இப்ப மாமாவைக் குத்தம் சொல்ற?" என்றான் தம்பி. "மாமா ஏன் அப்படிச் செய்யப் போறாரு?"

வாடகை அறையில் அசையாமல் படுத்துக் கிடந்தான். கறுப்புத் துணி நாளும் இறங்கியது. இடக்கண்ணை மூடிக்கொண்டு, காலையில் சுவரில் தெரிந்த ஆணி மாலையில் தெரியவில்லை என்றான். ஒருநாள் அக்காவின் நெற்றியைக் காணவில்லை என்றான், பிறகு மூக்கை. அவள் அவன் தலைமாட்டில் அமர்ந்து, அறிந்த தோத்திரங்களையெல்லாம் உதட்டுக்குள் ஓதினாள். தராசு ஜன்னலோரம் அமர்ந்து வங்கிக்குக் கடிதம் எழுதினார். சட்டப் பிரிவுகளோடு, அழகான கையெழுத்தில்.

குறித்த நாளில் மருத்துவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். நடுப்பகுதி போய்விட்டது, இனி அறுத்தும் பயனில்லை என்றார். கண்ணாடித் தடுப்பின் அருகே மறுபடி போகவேண்டிய வேலையே இல்லாமற் போயிற்று.

ஊர் திரும்ப விமான நிலையத்தில் காத்திருந்தபோது தராசின் கைபேசி மணியொலித்தது. படித்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மாப்ள! உன் பணம் முழுசும் வந்துடுச்சு! ஒத்தப் பைசா குறையல! கடிதம்னா அப்படி எழுதணும். இன்னொரு கூத்து கேளு. அன்னைக்கு முதல்ல தேய்ச்சதுக்கு விழுந்த புள்ளியைத் திருப்பி எடுக்க மறந்துட்டானுங்க!"

அந்தப் புள்ளிகளைக் கொண்டு அங்கேயே ஒரு கடையில் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கினார். தாமே தம்பியின் முகத்தில் மாட்டிவிட்டு, எட்ட நின்று அழகு பார்த்தார். "எப்படி இருக்கு? ஓசியில வந்தது!"

"நல்லா இருக்கு மாமா," என்றான் தம்பி.

விமானத்துக்கு அழைத்தார்கள். வலப்பக்கம் இருந்த தூண் அவனுக்குத் தெரியவில்லை; மோதிக்கொள்ளாதபடி அக்கா விரைந்து அவன் முழங்கையைப் பிடித்தாள். அவன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாம்க்கா நீ," என்றான்.

பிறகு பார்வையற்ற வலப்பக்கம் கையை நீட்டித் துழாவி, தராசின் தோளைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டு நடந்தான்.