கலியாணம் கட்டிய பற்றறிகள்

1

இந்தக் கதை மழைக்கு ஒதுங்கிய இடத்தில் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லுசேர்ண் ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி மின்சிகரெட் விற்கும் ஒரு வேப் கடை இருக்கிறது. எனக்குப் புகைப் பழக்கம் இல்லை. குடையும் இல்லை, அதனால் உள்ளே போனேன். மிதுஷா என்று சட்டையில் பெயர் குத்திய பெண்ணொருத்தி, நீள மேலங்கி போட்ட ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இரண்டு பற்றறிகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்ரி, இந்த ரெண்டும் ஃபெர்ஹைராட்டட். கலியாணம் கட்டின மாதிரி. சேர்த்து வாங்கி, சேர்த்துப் பாவிச்சு, சேர்த்துத்தான் சார்ஜ் பண்ணோணும். ஒண்டு பழுதாப் போனா மற்றதையும் மாத்தோணும்."

"ஒண்டை மட்டும் மாத்தினால்?"

"புதுசும் பழசும் ஒத்துப் போகாது. ஒண்டு மற்றதைப் போட்டு வருத்தும். சூடாகும். பிறகு என்ன நடக்கும் எண்டு சொல்லேலாது."

"மகனுக்குத்தான் வாங்கிறன்" என்றார் அந்தப் பெண், யாரும் கேட்காமலே.

மழை விட்டது. அந்த "மகனுக்குத்தான்" என்னை விடவில்லை. அவரைப் பிறகு நான் காணவுமில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நானாகக் கட்டியது.

2

தொடக்கம் ஒன்று: "யசோதராவுக்கு மகன் இல்லை."

(கெட்டித்தனமான தொடக்கம். கெட்டித்தனத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். ஆனாலும் தகவல் உண்மை, வைத்துக்கொள்ளுங்கள்.)

தொடக்கம் இரண்டு: "லுசேர்ண் ஏரியின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு—"

விட்டுவிட்டேன். பனியை இறக்காமல் சுவிஸ் கதை ஒன்று எழுதக் கூடாதா?

தொடக்கம் மூன்று: "முதியோர் இல்லத்தின் சலவையறையில், பிற்பகல் இடைவேளைக்கு மணி அடித்ததும், யசோதரா கைப்பைக்குள் கையை விட்டாள். அது அங்கே இல்லை."

இது போதும். இதிலிருந்து போகலாம்.

3

அது என்றால் வேப். வீட்டில், சாமி அலுமாரிக்குள், முருகன் படத்துக்குப் பின்னால் சார்ஜில் இருக்கிறது. காலையில் செருகியது. வெளிக்கிடும்போது கழற்றிக்கொண்டு வருவதுதான் வழக்கம். இன்றைக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவதியில் மறந்துபோனாள்.

ஏன் சாமி அலுமாரி? அந்த வீட்டில் யசோதராவைத் தவிர வேறு யாரும் திறக்காத கதவு அது ஒன்றுதான். சோடனை லைட்டுக்கென்று உள்ளே ஒரு பிளக்கும் இருக்கிறது. சாமிக்கு முன்னால் புகைத்தால்தானே பாவம், சார்ஜ் போடுவதில் என்ன என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். அந்த அலுமாரிக்குள் வேறென்ன இருக்கிறது என்று அப்போது அவள் நினைக்கவில்லை. இப்போது சலவை இயந்திரங்களுக்கு நடுவில் நின்று நினைக்கிறாள். நல்லெண்ணெய்ப் போத்தல். கற்பூரப் பெட்டி. திரிப் பஞ்சு. படங்களுக்குக் கீழே விரித்த பட்டுத்துண்டு.

அலுமாரி நடையில், படுக்கையறை வாசலை ஒட்டி நிற்கிறது. உள்ளே அவளுடைய கணவர் தவச்செல்வன் நித்திரை. ஹோட்டலில் காலைச் சாப்பாடு செய்கிற வேலை அவருக்கு. விடியப் போய் மத்தியானம் வந்து படுப்பார். அந்த நடையில் புகை அலாரம் ஒன்று இருந்தது. சாம்பிராணி காட்டும்போதெல்லாம் கத்துகிறது என்று போன வருடம் கழற்றி வைத்தார்கள். (கழற்றச் சொன்னது யார் என்று கேட்காதீர்கள். அவள்தான்.)

பின்கதவுப் படிகளில் இருந்துவிட்டாள்.

4

இந்த இடத்தில் நண்பர் சயந்தனுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தைச் சுளித்தார்.

"எங்கடை பொம்பிளையள் இப்பிடிச் செய்வினமோ? ஆம்பிளை எண்டு மாத்தும். சனம் நம்பும்."

மாற்றிப் பார்த்தேன். கதை அன்றைக்கே படுத்துவிட்டது. ஆம்பிளை சாமி அலுமாரிக்குள் ஒளிக்கமாட்டான், அவனுக்குக் கார் இருக்கிறது. பெண்ணுக்கே திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வேப் எப்படி அவளிடம் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். தவச்செல்வனின் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த வருடம் அவர் சிகரெட்டை விட்டார். விடுவதற்குத் துணையாக இருக்கட்டும் என்று வேப் ஒன்று வாங்கி வந்தார். யசோதரா வாசலிலேயே மறித்தாள்.

"உதுவும் புகைதான். இஞ்சை தாங்கோ, நான் கொண்டுபோய் எறியிறன்."

அவர் நீட்டினார். அவள் எறியவில்லை.

ஏன் எறியவில்லை? இதற்குப் பல பந்திகள் எழுதினேன். [பிள்ளையில்லாத வீட்டின் வெறுமை அவளை—] வெட்டினேன். [வேலைத்தலத்தில் செர்பியக்காரி ஒருத்தி ஒரு நாள்—] அதையும் வெட்டினேன். ஒரு நாள் இழுத்துப் பார்த்தாள், பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

அவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்து, நித்திரையில்லாமல் புரண்டு, சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே மாதங்களில் அவள் சலவையறைப் பின்கதவடியில் நின்று புகை விட்டாள். வீட்டுக்கு வந்து, "இண்டைக்கும் சிகரெட் குடிக்கேல்லைத்தானே?" என்று அவருடைய சட்டையை மணந்து பார்த்தாள். இதை நினைத்தால் அவளுக்கு உடம்பு கூசும். எழுதுகிற எனக்கும் கூசுகிறது.

5

[பற்றறிப் பாடம். பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம். யசோதரா தாண்டவில்லை, மிதுஷா சொன்னதெல்லாம் அவளுக்குப் பாடம்.]

வாங்கும்போது மேலே பெரிதாய் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்து மயங்கக் கூடாது. எத்தனை ஆம்பியர் வரை இழுத்தால் தாங்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும். சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறை கிழிந்தால் அந்தப் பற்றறி வேண்டாம். உடம்பு முழுக்க ஒரு முனை, தலை மட்டும் மற்ற முனை. இடையில் காவல் அந்த உறைதான். கதவு பூட்டும் திறப்புக்கோர்வையோடு பைக்குள் போடக் கூடாது. வேப்புக்குள் வைத்தபடி கேபிளைச் செருகாமல், வெளியே எடுத்துத் தனிச் சார்ஜரில், டைல்ஸ் தரையில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஏற்ற வேண்டும். இனிப்பாக ஏதும் மணந்தால் பற்றறி உள்ளே கசிகிறது, கிட்டப் போகக் கூடாது.

தனிச் சார்ஜர் காலில் போடும் ஒரு சப்பாத்தளவு இருந்தது. அதை வீட்டில் யாருக்கு என்னவென்று சொல்வது? கேபிள் என்றால் போன் கேபிள் மாதிரி. அவள் கேபிளால்தான் ஏற்றினாள்.

போன கிழமை ஒரு பற்றறி சலவையறைத் தரையில் விழுந்து உறை கிழிந்தது. அதன் முனைகளில் பிளாஸ்டர் ஒட்டி, சுப்பர்மார்க்கெட்டில் பழைய பற்றறி போடும் பெட்டிக்குள் போட்டாள். அதுவரைக்கும் சரி. சோடியாகப் புதிது வாங்கத் திரும்பவும் கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அங்கே முதல்முறை போனபோது, மழைக்கு ஒதுங்கி நின்று வாய் பார்த்த ஒரு தமிழ் ஆளை அவள் கண்டிருந்தாள்.

(இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் யன்னலடியில் நின்றேன்.)

தவச்செல்வனின் பெரிய டோர்ச் லைட்டுக்குள் அதே அளவில் ஒரு பற்றறி இருந்தது. பழசு. வேப்புக்குள் கொஞ்சம் இறுக்கமாகத்தான் போய் உட்கார்ந்தது. நேற்றுச் சார்ஜ் ஏறும்போது தொட்டுப் பார்த்தாள், இளஞ்சூடு. அப்படித்தான் இருக்கும் என்று விட்டாள்.

ஆக இப்போது அந்தச் சிறிய பெட்டிக்குள் அவளுடையது ஒன்று, அவருடையது ஒன்று. உவமை ஒன்று வாசலில் வந்து நின்று மணி அடிக்கிறது. நான் திறக்கப் போவதில்லை. இது பற்றறி. உவமை வீட்டைக் கொளுத்தாது, இது கொளுத்தும்.

6

முடிவுகளைப் பார்ப்போம்.

அ. அவள் வேலையைப் பாதியில் விட்டு, இரண்டு பஸ் மாறி, மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடுகிறாள். வேப்பில் பச்சை லைட். தவச்செல்வன் குறட்டை. அநேகமாக இதுதான் நடக்கும், பெரும்பாலான பற்றறிகள் எரிவதில்லை. ஆனால் அந்த "அநேகமாக"வை மடியில் வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் பஸ்ஸில் இருக்க அவளால் முடியாது. என்னாலும் முடியாது.

ஆ. "நடையில் முதலில் எரிந்தது பட்டுத்துண்டு. பிறகு—"

எழுதமாட்டேன்.

இ. போன் எடுத்துப் பொய் சொல்கிறாள். "இஞ்சாருங்கோ, சாமி அலுமாரியிலை லைட் பிளக்கை ஒருக்காக் கழட்டிவிடுங்கோ, கரண்ட் வீணாப் போகுது." மானமும் மிஞ்சும், வீடும் மிஞ்சும். இந்த முடிவு எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. சயந்தனுக்கும் பிடித்திருந்தது. பிறகுதான் உறைத்தது. அவர் நித்திரைக் கலக்கத்தோடு அலுமாரியைத் திறப்பார். படத்துக்குப் பின்னால் ஏதோ வீங்கிக்கொண்டு சீறினால், என்ன இது என்று வெறுங்கையால் எடுத்துப் பார்ப்பார். முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோவார். திறக்க வேண்டாம், வெளியே போங்கோ, வாசல் கதவைச் சாத்திவிட்டு தீயணைப்புப் படைக்கு 118 அடியுங்கோ என்று சொன்னால்தான் தப்புவார். காரணம் சொல்லாமல் தவச்செல்வனை ஒரு கதவிலிருந்தும் தள்ளி நிறுத்த முடியாது.

ஆகவே பொய் அவரைக் கொல்லும். உண்மையைத் தவிர எனக்கும் அவளுக்கும் வேறு வழி இல்லை.

7

அழைப்புப் போகிறது. பின்கதவடியில் நின்று, என்னைப் போலவே, அவளும் முதல் வாக்கியத்தைத் தேடுகிறாள்.

"பயப்படாதையுங்கோ, ஆனா—" ஸ்டென்ட் வைத்த மனிசனிடம் இப்படியா தொடங்குவது?

"நான் சொன்னாக் கோவிக்கக் கூடாது—" அவர் கோபித்து முடிக்கும்வரை பற்றறி பொறுக்குமா?

"அண்டைக்கு நீங்கள் தந்ததை நான்—"

எடுத்துவிட்டார்.

"என்ன யசோ, இந்த நேரத்திலை?"

"நீங்கள் எங்கை நிக்கிறியள்?"

"எழும்பி நடைக்கு வந்திட்டன். நானே உனக்கு அடிப்பம் எண்டு இருந்தனான். இஞ்சை ஏதோ இனிப்பா மணக்குது, சாமி அலுமாரிப் பக்கமா. ஏதும் படைச்சு வைச்சிட்டுப் போனனியோ? பழுதாப் போச்சுதோ தெரியேல்லை. திறந்து பாக்கட்டோ?"

அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

அடுத்த வாக்கியத்தை நான் எழுதமாட்டேன். ஓர் இரவு முழுக்க எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் அவளைக் கொஞ்சம் காப்பாற்றப் பார்க்கிறேன், அதற்குள் அவர் கதவைத் திறந்துவிடுகிறார். அவளாக நின்று நீங்கள் சொல்லுங்கள். யோசித்துச் சொல்ல நேரமில்லை, அலுமாரிப் பிடியில் கையை வைத்தபடி அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.