செம்பலோவுக்கு வைத்த பொட்டு

சரஸ்வதி பூசையன்று வாக்யூம் கிளீனருக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் வாளிக்கும் பொட்டு வைத்ததோடு நகுலேஸ்வரன் நிறுத்தியிருக்கலாம். மற்ற வருடங்களில் அப்படித்தான் நிறுத்தினான். இந்த முறை கையில் சந்தனம் மிஞ்சிவிட்டது. அவன் வேலை செய்யும் அந்த வீட்டில் உண்மையிலேயே சரஸ்வதிக்குச் சொந்தமான ஒரே பொருளை விட்டுவிட்டு வாளிக்கு மட்டும் மரியாதை செய்வது ஓரவஞ்சனை என்று பட்டது. எசமானி சின்யோராவின் செம்பலோவுக்கும் வைத்தான். வெள்ளை மூடியில் சந்தனம், நடுவில் குங்குமம்.

செம்பலோ, பியானோவுக்கு முந்தின பிறவி. தந்தியை அடிக்காது, கிள்ளும். அன்று மாலை வீட்டில் கச்சேரி என்பது பொட்டு காய்ந்த பிறகுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஈரத்துணியால் துடைத்தான். சந்தனம் போனது, குங்குமம் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தான். அது உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாகப் பரவியது. மூன்றாவது யோசனை வருவதற்குள் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டான்.

சின்யோராவின் முன்னோர் ஜெர்மனியில் நாடு ஆண்ட டியூக்குகள். நாடு போய்விட்டது, இத்தாலியின் பலெர்மோவில் இந்த மாடிவீடும், செம்பலோவும், நீண்ட மூக்கும், கதைகளும் மிச்சம். அவருடைய வேலை ஒப்பந்தத்தில்தான் நகுலேஸ்வரனின் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, தொங்கிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. அதற்குப் பிறகு வேலை உண்டா என்று ஓகஸ்டில் கேட்டான். ஏரியில் படகு விடும்போதுகூட வயலின்காரர்களை ஏற்றிக்கொண்டு போன டியூக்கின் கதை கிடைத்தது. செப்டம்பரில் கேட்டான். தானே புல்லாங்குழல் ஊதி, சம்பளம் வாங்கும் வித்துவான்களைத் தலையாட்ட வைத்த டியூக் வந்தார். அந்த வித்துவான்கள் அரண்மனைச் சீருடை போட்டு, சமையற்காரரோடு இருந்து சாப்பிட்டார்களாம். ஜெர்மன் டியூக்குகளைப் பற்றித் தெரிந்த அளவுக்குத் தன் தலைவிதியைப் பற்றி அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்கள் அங்கை வேலை கேக்கப் போறியளோ, சரித்திரம் படிக்கப் போறியளோ?" என்றாள் மனைவி புனிதமலர். பகேரியாவில் இரண்டு வீடு துடைத்துவிட்டு ரயிலில் வருகிறவள்; அவளுக்குப் பொறுமை குறைவு.

பூசையன்று மாலை ஒரு பெண் வந்து செம்பலோ வாசித்தாள். எல்லோரும் கண்ணை மூடிக் கேட்டார்கள், ஒரு நெட்டை மனிதரைத் தவிர. வாசிப்பு முடிந்ததும் அவர் முழங்காலிட்டு, டோர்ச் அடித்து, செம்பலோவின் கால்களைப் படம் எடுத்தார். பிறகு மூடிக்கு வந்தார். இது என்ன கறை என்று கேட்டார். பாதாம் இனிப்புத் தட்டோடு நின்ற நகுலேஸ்வரன் தட்டைப் பார்த்தபடியே நின்றான்.

அது எங்கள் வீட்டு வழக்கம் என்று சின்யோரா முகம் மாறாமல் சொன்னார்.

மனிதர் அடுத்ததாகக் கேட்டது மாடிப்படியின் அகலத்தை. பாட்டுக் கேட்க வந்தவன் எவனும் மாடிப்படியை விசாரிப்பதில்லை என்பது நகுலேஸ்வரனுக்கே விளங்கியது.

எல்லோரும் போனபின் அவன் கோப்பைகளை எடுக்காமல் நின்றான்.

"பொட்டு வைச்சது நான்தான், சின்யோரா."

"தெரியும். வாளியிலையும் இருக்கு."

அவர் பேசியது இத்தாலியன்தான். ஆனால் அவன் காதில் அது எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாக, 'நீர்' போட்டுத்தான் விழும். டிசம்பருக்குப் பிறகு எப்படி என்று மறுபடி கேட்டான். அவர் மூக்கை நிமிர்த்தி, பழைய டியூக் செத்ததும் பட்டத்துக்கு வந்த மகனுக்கு வேட்டையில் மட்டுந்தான் பிரியம், வித்துவான்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டான் என்று தொடங்கினார்.

இந்தக் கதையை அவன் ஏற்கெனவே கேட்டிருந்தான். இடையில் பேசுவது அவன் வழக்கமில்லை; இந்த முறை பேசினான்.

"அந்த ஆக்களுக்கு ஆரும் முதலே சொன்னவையோ?"

சின்யோரா செம்பலோவுக்கு முன்னால், வாசிக்கிற வாங்குப்பலகையில் இருந்தார். இளஞ்சிவப்புக் கறையை விரலால் ஒருமுறை தடவினார்.

"இல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார். "டிசம்பரோடை முடியுது, நகுலேஸ். இதை அந்த மனுசன் வாங்கிறார். நான் மகளிட்டைப் போறன். உமக்கு இஞ்சை வேலை இல்லை."