டெஸ்மண்ட் அறிந்திருந்த சந்து

லட்லோவுக்குத் தாம் வந்ததே இல்லை என்று காலையில் பேருந்தில் சொன்ன டெஸ்மண்ட், மழை வலுத்தவுடன் வரைபடத்தைப் பிரிக்காமலே இரண்டு பழைய மரவீடுகளுக்கு இடையிலிருந்த சந்தில் நுழைந்தார். குடை விரிக்க இடமில்லாத அந்தச் சந்து நேராக ஒரு தேநீர்க்கடையின் வாசலில் கொண்டுபோய் விட்டது. பின்னால் வந்த ரோசலிண்டுக்கு அது சரியாகப் படவில்லை. முப்பத்தொரு ஆண்டுகளாக அவர் அறிந்த கணவர், சொந்த ஊரிலேயே தபால் நிலையத்துக்கு வழி தவறுகிறவர்.

"இந்த வழி எப்படித் தெரியும் உனக்கு?"

"குத்துமதிப்பா வந்தேன், ரோஸ். நனையாம இருந்தா சரிதானே?"

கடைக்காரப் பெண்மணி வந்து, "உங்களுக்கு என்ன கொண்டு வரட்டும், கண்ணு?" என்று ரோசலிண்டை மட்டும் கேட்டார். சற்று நேரத்தில் டெஸ்மண்டின் முன்னால் உலர்திராட்சை சேர்க்காத ஸ்கோன் ரொட்டி ஒன்று தானாகவே வந்து அமர்ந்தது. திராட்சை அவருக்கு ஆகாது என்பது வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத செய்தி.

பிறர் காதுபடக் கணவரை விசாரிப்பது மரியாதையாகாது என்பதால், "ஜாம் ரொம்ப நல்லாயிருக்குங்க" என்று மட்டும் ரோசலிண்ட் சொன்னார். ஆனால் ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வியாழக்கிழமை நினைவுக்கு வந்தது. வியாழன்தோறும் சீட்டாடப் போவதாகச் சொல்லிக் கிளம்பும் டெஸ்மண்ட், ஜெயித்த கதையையோ தோற்ற கதையையோ ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. வேறொருத்தி இருக்கிறாளா? நாலு மணிப் பேருந்துக்குள் உண்மை வெளிவராவிட்டால், டெஸ்மண்டுடன் வீடு திரும்பாமல் தங்கையின் வீட்டுக்குப் போய்விடுவது என்று அவர் மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டார்.

"கோட்டையைப் பாக்கலாமா?" என்றார் ரோசலிண்ட், வெளியே வந்ததும்.

"கோட்டைக்குக் கூரை போய் முந்நூறு வருஷமாச்சு. சர்ச்சுக்குப் போவோம்."

தேவாலயத்தின் உள்ளே கோபுரத்தடியில் இருந்த சிறு கதவின் முன் நின்று, டெஸ்மண்ட் தம் சட்டைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார்.

"இது யார் குடுத்த சாவி?"

"மேல வா. சொல்றேன்."

சுழல்படிகள் மணிக்கயிறுகள் தொங்கும் அறையில் முடிந்தன. அங்கே ஐந்து பேர் ஆளுக்கொரு கயிற்றருகே நின்றிருந்தார்கள். ஆறாவது கயிறு ஆளின்றித் தொங்கியது. பச்சைக் கம்பளிச் சட்டை அணிந்த ஒரு நெட்டைப் பெண் சிரித்தாள்.

"ஒருவழியா கூட்டிட்டு வந்துட்டியே, டெஸ்."

டெஸ்! வீட்டில்கூட யாரும் அவரை அப்படி அழைப்பதில்லை.

டெஸ்மண்ட் ஆறாவது கயிற்றைப் பிடித்தார். மணிகள் வரிசை பிசகாமல் ஒலித்தன. பதினெட்டு ஆண்டுகளாகத் தம் ஊர்க் கோபுரத்தில் மணியடிப்போருக்குத் தலைவியாக இருக்கும் ரோசலிண்ட், தம்மையும் மீறி அந்தக் கைகளைக் கவனித்தார். கயிறு அடங்கிய பிறகே டெஸ்மண்ட் பேசினார்.

"நம்மூர்ல ஒரு தடவை கயித்த வேகமா இழுத்து, மணியை நிறுத்துற கட்டையை ஒடிச்சேனே. வழக்கப்படி அதுல என் பேரை எழுதிச் சுவத்துல மாட்டுனீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நீதான் கடைசி வரைக்கும் சிரிச்சே. அதான் இங்க வந்து கத்துக்கிட்டேன்."

"சீட்டாட்டம்?"

"எனக்குச் சீட்டே பிடிக்கத் தெரியாது."

ரோசலிண்டுக்கு முகம் சுட்டது. அந்தக் கட்டையை மாட்டச் சுவரில் ஆணி அடித்ததே அவர்தான்.

"எத்தனை நாளா?"

"ஒரு ஆறு மாசமா."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கயிற்றை அவ்வளவு அலட்டிக்கொள்ளாமல் விட்டுப் பிடிக்கும் கை ஆறு மாதத்தில் யாருக்கும் வாய்ப்பதில்லை.

"டெஸ்மண்ட், நான் இதைச் சொல்லிக் குடுக்கிறவ."

டெஸ்மண்ட் தரையைப் பார்த்தார். "ஏழு வருஷம். உன் முன்னாடி கயிறு பிடிக்கிற தைரியம் இன்னைக்குத்தான் வந்துச்சு."

"சொல்லிக் குடுத்தது யாரு?"

நெட்டைப் பெண் பாதி உயரத்துக்குக் கையைத் தூக்கினாள்.

"ரொம்ப அருமையாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க" என்றார் ரோசலிண்ட், மிகுந்த மரியாதையோடு. பிறகு ஈரக் கையுறைகளை அணிந்துகொண்டு கணவர் பக்கம் திரும்பினார். "நாலு மணி பஸ்ஸுல சேர்ந்தே போவோம். அன்னைக்குச் சிரிச்சதுக்கு என்னை மன்னிச்சுடு."

டெஸ்மண்ட் பெருமூச்சு விட்டார்.

"அடுத்த வியாழக்கிழமை நானும் வர்றேன்" என்றார் ரோசலிண்ட், நெட்டைப் பெண்ணைப் பார்த்தபடி. "அதுக்கடுத்த வியாழக்கிழமையும்."