கூடம் வடக்கு, சமையலறை தெற்கு

நகராட்சியை இரண்டாகப் பிரித்த கோடு அமலுக்கு வந்த திங்கட்கிழமை காலை ஆறு மணியிலிருந்து, வடக்குப் பட்டியலில் பேர் இருந்தவர்களுக்குத் தெற்குப் பட்டியலில் பேர் இருந்தவர்கள் பேசுவது கேட்கவில்லை. தெற்குக்காரர்களுக்கு வடக்குக்காரர்கள் பேசுவதும் கேட்கவில்லை. நாய் குரைத்தது கேட்டது, குழாயில் தண்ணீர் விழுந்தது கேட்டது, பாத்திரம் உருண்டால் இரண்டு பக்கத்தாரும் திரும்பிப் பார்த்தார்கள். மனிதக் குரல் மட்டும் கோட்டைத் தாண்டவில்லை. முதல் வாரம் காது மருத்துவரிடம் கூட்டம் இருந்தது. இரண்டாவது வாரம் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் சந்தையில் விரலைக் காட்டி எடை சொல்லப் பழகிவிட்டார்கள்.

பிரித்ததற்குச் சொன்ன காரணம் நல்ல காரணம்தான். எங்கோ தூரத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரம் இனி ஒவ்வொருவர் வீட்டு வாசலுக்கும் வரும் என்று மேடை போட்டுச் சொன்னார்கள். குழிக்காரர் வீட்டில் அது வாசலோடு நிற்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தைக் கடந்து சமையலறை நிலைப்படி வரைக்கும் வந்தது. குழிக்காரர் என்பது மண் வெட்டிப் பிழைத்தவருக்கு ஊர் வைத்த பேர். கம்பம் நடவோ குழாய் புதைக்கவோ எதற்குக் குழி வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எல்லைக் கல் நடவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். அளக்கிறவர் சங்கிலியை இழுத்துக்கொண்டே வந்து இவர் வீட்டுக்குள் நுழைந்து, கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் சுண்ணாம்புப் பொடியைத் தூவி, "இங்க ஒண்ணு" என்றார். ஊர் நெடுக நாற்பத்தாறு கல் நட்ட கை நாற்பத்தேழாவதையும் நட்டது. தரைக்கு மேல் ஒரு முழம் நின்றது அந்தக் கல். அவர் மனைவி, தையல் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைப்பவள், அடுப்புப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டியல் எழுத வந்தவர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, யார் எங்கே நிற்கிறார்களோ அங்கே பேரை எழுதினார். கூடத்தில் மண்வெட்டியோடு நின்ற கணவர் வடக்கு. அடுப்போடு நின்ற மனைவி தெற்கு. ஒரே பாயில் படுக்கிறவர்களா என்று கேட்கப் படிவத்தில் இடம் இல்லை.

அடுத்த கணக்கெடுப்பு வரை பட்டியலைத் திறக்கக் கூடாது, யார் எங்கே குடிபோனாலும் பேர் எழுதிய பக்கமே நிலைக்கும் என்பது விதி. எழுதினவரின் பிழையை மட்டும் திருத்தலாம். அதற்கு இரண்டு அலுவலகமும் ஒத்துக்கொள்ள வேண்டும். இதைப் பற்றிப் பேசி முடிக்க இரண்டு தலைவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். வடக்குத் தலைவர் இரண்டு மணி நேரம் பேசினார். அதே இரண்டு மணி நேரம் தெற்குத் தலைவரும் பேசினார். மறுதரப்பு ஆட்சேபணை எதுவும் தெரிவிக்கவில்லை என்று இருவர் குறிப்பேட்டிலும் ஏறி, கோடு இருந்தபடியே உறுதியானது.

ஊரில் இரண்டு பக்கமும் கேட்டவர் சலூன்காரர் ஒருவர்தான். பட்டியல் எழுதிய நாளில் குடல்வால் அறுத்துக்கொண்டு வெளியூர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் எந்தப் பக்கமும் அவரை எழுதவில்லை. பேர் பிரிந்துபோன குடும்பங்கள் ஜோடி ஜோடியாக அவர் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தன. கத்தரியை நிறுத்தாமலே அவர் இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கம் கொடுத்தார். "உங்க வீட்டம்மா திட்டினதுல பாதிதான்யா சொல்றேன், மீதியைச் சொன்னா நான் வாய் கொப்புளிக்கணும்" என்பார். ஆனால் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கெல்லாம் சலூனுக்கு ஓட முடியாது. பட்டன் வைப்பவள் நாலாவது வரை படித்தவள். குழிக்காரருக்கு நாற்பத்தாறு வயதிலும் கைநாட்டுதான். அவள் கரித்துண்டை எடுத்துச் சமையலறைச் சுவரில் எழுத்தை எழுதி, விரலை வைத்துக் காட்டினாள். வாயும் திறந்து மூடியது. அவருக்கு வாய் தெரிந்தது, எழுத்து தெரிந்தது, ஓசை மட்டும் வரவில்லை. ஆகவே எழுத்தைப் பார்த்துச் சிமெண்ட் பையின் தாளில் வரைந்துகொண்டு சலூனுக்குப் போய், அது எப்படிச் சத்தம் போடும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தார்.

"அண்ணே, இதைப் பாருங்க. முன்னாடி கொம்பு, பின்னாடி காலு. மாடுதானே?"

"மாடு இல்லய்யா. 'கோ'."

"பக்கத்துல?"

"'வ', 'மா'." சலூன்காரர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "கோவமா இருக்கேன்னு எழுதியிருக்காங்க. என்ன பண்ணித் தொலைச்ச?"

"கல்லு நட்டேன்."

"அது ஊருக்கே தெரியும். வேற?"

"வேற ஒண்ணும் இல்லண்ணே."

"அப்ப பதில் எழுது. 'சரி'ன்னு எழுது. ரெண்டே எழுத்து. கல்யாணம் ஆனவனுக்கு அதுக்கு மேல படிப்பு எதுக்கு?"

அந்த இரண்டு எழுத்தை எழுத அவருக்கு நாலு நாள் ஆயிற்று. மண்வெட்டி பிடித்த விரல் கரித்துண்டை நசுக்கிப் பொடியாக்கியது. ஒன்றரை வருடத்தில் ஒருவாறு எழுதக் கற்று, முதல் வேலையாகத் தன் கைப்பட மனு எழுதினார். என் மனைவி பேசுவது எனக்குக் கேக்கணும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று எழுதினார். வடக்கு அலுவலகம் தெற்கின் சம்மதக் கடிதத்தைக் கொண்டுவரச் சொன்னது. தெற்கு அலுவலகம் வடக்கின் கடிதம் முதலில் வரட்டும் என்று எழுதிக் காட்டியது. "உங்க கஷ்டம் புரியுதுங்க, ஆனா கூடத்துல இருந்து சமையலறைக்குக் குடிபோறதுக்கு எங்ககிட்ட படிவம் இல்லையே" என்றார் வடக்கு எழுத்தர். வருடத்துக்கு இரண்டு மனு வீதம் அவர் எழுதினார், கையெழுத்து மட்டும் திருந்திக்கொண்டே வந்தது. ஏழாவது வருடம் விடுபட்டவர்களைச் சேர்க்க முகாம் போட்டு, சலூன்காரரையும் வடக்கில் எழுதிவிட்டார்கள். அன்று மதியம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தெற்குக்காரர் பாதிப் பேச்சில் வாயை மட்டும் அசைத்தார். சலூன்காரர் மீதி முடியைப் பேசாமல் வெட்டி முடித்தார்.

ஒன்பதாவது வருடம் மனைவிக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. எழுதுகிற கை போனது, பேச்சு மிஞ்சியது. அதுதான் அந்த வீட்டுக்குப் பயன்படாதது. படுக்கையைக் கல்லுக்கு அருகில் போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் வாய் அசைந்தபோதெல்லாம் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவளும் குடித்துவைத்தாள். ஊசி போட வந்த தெற்கு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒரு நாள் இதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மருந்துச் சீட்டின் பின்னால் எழுதி நீட்டினாள்: அவங்க தண்ணி கேக்கலை, உங்ககூடப் பேசிட்டு இருக்காங்க. அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு டம்ளரை எடுக்கவில்லை. ஒரு புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, அவள் நெடுநேரம் பேசினாள். நடுவில் ஒரு தரம் சிரித்தாள். முடித்துவிட்டுப் பதில் வேண்டும் என்பதுபோல் அவர் முகத்தையே பார்த்தாள். என்ன கேட்டாள் என்று தெரியாமல் "சரி" என்றார். அவர் உதட்டைப் படித்துத் தலையை அசைத்தாள். அதற்குப் பிறகு அவள் மூச்சு விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் உத்தரவு வந்தது. மனைவியின் பேர் பிழையாகத் தெற்கில் ஏறியது ஒப்புக்கொள்ளப்பட்டு, கோடு அமலான நாள் முதற்கொண்டே அவர் வடக்கில் இருந்ததாகக் கருதப்படும் என்று முன்தேதியிட்டு எழுதியிருந்தது. இரண்டு முத்திரையும் இருந்தன. குழிக்காரர் அதை எடுத்துக்கொண்டு வடக்கு அலுவலகத்துக்குப் போனார்.

"ஆள் இல்லைங்க. போயாச்சு."

எழுத்தர் எழுந்து நின்றார். விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஆனாலும் உத்தரவு செல்லும்ங்க. ஆள் இருக்கணும்னு எங்கயும் போடலை."

உத்தரவு சென்றது. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சமையலறையிலிருந்து, "இந்தக் கல்லை நட்ட மகராசன் எங்க? கால் கட்டைவிரல் போச்சு" என்று மனைவியின் குரல் கேட்டது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய திங்கட்கிழமை பேசியது அது. உத்தரவில் இருந்தபடி, அன்றிலிருந்து வீட்டில் அவள் பேசியதெல்லாம் நாள் தவறாமல், நேரம் தவறாமல், அவள் நின்ற இடத்திலிருந்தே வரத் தொடங்கியது. வடக்கிலிருந்து யார் வந்தாலும் கேட்டது. தையல் கம்பெனியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த தெற்குப் பெண்களுக்கு மட்டும் அவள் குரல் எப்படி இருந்தது என்பது அன்றோடு மறந்துபோயிற்று. சாப்பாடு ஆறுகிறது என்றாள், சட்டையைக் கழற்றிப் போடுங்கள் என்றாள், மழை வரும்போல் இருக்கிறது என்று வெயில் அடிக்கும்போது சொன்னாள். இரண்டாம் மாதத்தில் எழுத்துப் பாடம் வந்தது. கேட்காது என்று தெரிந்தும் ஒவ்வோர் எழுத்தையும் அவள் உரக்கச் சொல்லித்தான் கொடுத்திருக்கிறாள். "ஆ. என் வாயைப் பாருங்க, சுவத்தைப் பாக்காதீங்க. ஆ." அவரும் வெற்றுச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து 'ஆ' என்றார். ஒரு சாயங்காலம் கரி உரசும் சத்தம் இல்லாமல் அவள் குரல் மட்டும் கேட்டது: "கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல. இப்படி எழுதினாத்தான் இந்த மனுஷன் படிக்க ஓடுவாரு." அன்றைக்கு அவர் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

புதன்கிழமைப் பேச்சு வர ஒன்பது வருடமும் நாலு மாதமும் பிடிக்கும் என்று அவரே தாளில் போட்டுப் பார்த்தார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து நடக்கும். நெஞ்சில் மண்தூசி கட்டியிருக்கிறது, அவ்வளவு நாள் ஓடும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். குழிக்காரர் அன்றே புகைப்பதை நிறுத்தினார். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார். தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்து, வண்டிகள் எல்லாம் போனபின் ஒரு தரம் திரும்பவும் பார்த்துக் கடக்கிறார். இப்போது மூன்றாம் வருடத்துப் பேச்சு நடக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு வந்த காரியத்தைச் சொல்கிறார்கள். வேலைக்கும் போகிறார், ஆனால் மண் சரியும் ஆழத்துக்கு இறங்குவதில்லை. கூலியாட்களைப் பிரிக்கும் மேஸ்திரி அவரிடம் காரணம் கேட்பதில்லை. காலையில் ஆட்களை எண்ணி நிறுத்தும்போது, "அண்ணனுக்கு இடுப்பளவுக் குழி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்கிறார்.